ஆயில் சூடானதும் வலது பூம் மட்டும் துள்ளுகிறது

தெளிப்பு36:
தானே ஓடும் ஸ்பிரேயர், 36 மீட்டர் பூம் (இருபக்கமும் இறக்கைபோல் விரியும், நாசில் பொருத்திய கை), அதன் உயரத்தை எதிரொலியால் அளந்து ஆட்டோவாகச் சரிசெய்ய 5 அல்ட்ராசானிக் சென்சார். கோதுமை அறுத்த தாளில் களைக்கொல்லி அடிக்கிறோம், மணிக்கு 18 கி.மீ. காலையில் முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காகப் போகிறது. பிறகு வலது இறக்கை மட்டும் துள்ள ஆரம்பிக்கிறது. செட் செய்த உயரம் 50 செ.மீ.; நுனி 30-க்கு இறங்கி உடனே 80-க்கு ஏறுகிறது. சென்சிடிவிட்டியை (உயரத்தை எவ்வளவு வேகமாகத் திருத்தும் என்ற செட்டிங்) 7-லிருந்து 4 ஆக்கினேன். ஆட்டம் மெதுவானதே தவிர நிற்கவில்லை, இப்போது மேட்டில் நுனி தரையைத் தட்டுகிறது. போன வாரம் வலது இறக்கையை ஏற்றி இறக்கும் ஆயில் வால்வின் மின்காயிலை மாற்றி, ஷெட்டிலேயே காலிபரேஷன் (வால்வுக்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று கன்ட்ரோலரில் பதியவைப்பது) செய்தோம். சென்சாரை மாற்றிவிடலாமா?

பின்புஷ்:
வாங்காதீர்கள், முதலில் இடது, வலது நுனி சென்சார்களை இடம் மாற்றிப் போடுங்கள். ஆட்டம் இடது பக்கம் போனால்தான் சென்சார் குற்றவாளி. அடுத்து ஆட்டோவை ஆஃப் செய்து அதே தடத்தில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். அப்போதும் துள்ளினால் கோளாறு இரும்பில். வண்டியை நிறுத்தி நுனியைக் கையால் தூக்கிப் பாருங்கள். மடிப்பு மூட்டில் ‘டொக்’ என்றால் புஷ் (மூட்டுப் பின்னைச் சுற்றியுள்ள உறை) தேய்ந்துவிட்டது. அக்குமுலேட்டரில் (ஆயில் லைனின் அதிர்ச்சியைத் தாங்கும் கேஸ் அடைத்த உருளை) கேஸ் குறைந்தாலும் துள்ளும். அதைச் சோதிக்கும் முன் பூமைத் தாங்கியில் உட்காரவைத்து ஆயில் அழுத்தத்தை முழுக்க இறக்குங்கள். ஏற்றுவது நைட்ரஜன் மட்டும். அழுத்தத்தில் ஆயிலோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கலாம்.

மண்வாசி:
தாளில் இன்னொரு தொல்லை. எதிரொலி ஒரு தடவை தாள் நுனியிலிருந்து வரும், அடுத்த தடவை இடைவெளி மண்ணிலிருந்து. சென்சார் பயிர் மோடில் (உயரத்தைப் பயிர் உச்சியிலிருந்து அளப்பது) இருந்தால், தரையிலிருந்து அளக்கும் மண் மோடுக்கு மாற்றுங்கள். சென்சாருக்குக் கீழே ஹோஸ் ஏதும் தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

ஆயில்சீல்:
தாள் காரணமென்றால் இடதும் ஆடும், காலையிலும் ஆடும். விடை கேள்வியிலேயே இருக்கிறது: காயில் மாற்றியது, ஷெட்டில் காலிபரேஷன். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது இறக்கையை அசைக்க வால்வுக்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். கன்ட்ரோலர் அதையே குறைந்தபட்ச அளவாகப் பதிந்துகொண்டது. ஆயில் சூடாகி இளகியதும் அதே அளவு அதிகமாகிவிடுகிறது. ஒவ்வொரு திருத்தமும் குறியைத் தாண்டிப் போகும், அடுத்தது எதிர்ப்பக்கம் தாண்டும். சென்சிடிவிட்டியைக் குறைத்தால் இந்தப் பிழை போகாது. மேட்டுக்கு ஏறும் வேகம்தான் குறையும்.

துள்ளல் ஆரம்பிக்கும் அளவுக்கு ஆயில் சூடாகும் வரை வேலை செய்யுங்கள். சமதரையில் நிறுத்தி, பூமை விரித்து, எஞ்சினை வேலை ஆர்.பி.எம்.மில் வைத்து வால்வு காலிபரேஷனை மறுபடி செய்யுங்கள். அந்த நேரம் பூமுக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது. பிறகு நுனி சென்சாருக்குக் கீழே ஒரு பிளைவுட் பலகையைத் தரையில் தள்ளுங்கள், நீளமான கழியால். நுனி பலகையின் கனம் அளவுக்கு ஏறி ஒரே அசைவில் நிற்க வேண்டும். பலகையை இழுத்தால் அதேபோல் இறங்க வேண்டும். அது சரியானால் சென்சிடிவிட்டியை 7-க்கே கொண்டுபோங்கள்.

தெளிப்பு36:
சூட்டில் காலிபரேஷன் செய்தாயிற்று. வலதின் குறைந்தபட்ச அளவு இறங்கி இடதுக்குச் சமமாக வந்திருக்கிறது. பலகையில் ஒரே அசைவு. 6-ல் ஓடுகிறது, நுனி இதுவரை தட்டவில்லை.