ஒரே போர்ட்: பார்க்குக்கும் வேணும், முழு மலைக்கும் வேணும்

பனிக்குருவி:
ஸ்காபரோவில இருந்து எழுதுறன். இது எனக்கு மூண்டாவது விண்டர். இவ்வளவு நாளும் வாடகை ஸ்னோபோர்ட்தான். வேலை முடிஞ்சு பின்னேரத்தில மூன்ஸ்டோன் மலையில ஜம்ப், ரெயில் வைச்ச பார்க், வருசத்தில ரண்டு மூண்டு நாள் கியூபெக்கில இருக்கிற பெரிய மலை ட்ரம்ப்ளான். மேல ஏறி வழுக்கிற பொக்ஸ், சின்ன ஜம்ப், 180 (அரைச் சுழற்சி) வரைக்கும் வந்திட்டன். நிறை 78 கிலோ. ரண்டு போர்ட் வாங்கக் காசில்லை. கடையில மெத்தையான ரொக்கர் ஒண்டைக் காட்டி "பார்க்குக்கு இதுதான்" எண்டுகினம். எடுக்கலாமோ?

காம்பர் கந்தையா:
எடுக்காதை தம்பி. எங்கட ஒன்ராறியோ மலையளில பாதி மெஷின் பனி. பகல் இளகும், இரவு இறுகும், விடியக் கண்ணாடி. ரொக்கருக்கு நடுப்பகுதிதான் நிலத்தில, ரண்டு நுனியும் தூக்கி நிக்கும். ஐஸைக் கடிக்கிற எட்ஜ், அதுதான் ஓரத் தகடு, நீளம் குறைஞ்சிடும். ட்ரம்ப்ளான் 645 மீட்டர் இறக்கம். பக்கவாட்டா வழுக்கிக்கொண்டேதான் கீழ வருவாய். காம்பர் எண்டால் வில்லு மாதிரி, நடு தூக்கி நிக்கும். உன்ர நிறை அமத்த முழு எட்ஜும் பிடிக்கும், விட்டால் துள்ளும். ஜம்புக்கு அந்தத் துள்ளல்தான் முதல். ட்ரூ ட்வின் (முன்னும் பின்னும் ஒரே மாதிரி), காம்பர், ஃப்ளெக்ஸ் எண்ட விறைப்பு பத்துக்கு 5 அல்லது 6. அவ்வளவுதான்.

தண்டவாளம்:
அண்ணே, பேர்லயே காம்பரை வச்சுக்கிட்டு தீர்ப்பு சொல்றீங்களே! அவர் இன்னும் பாக்ஸ், ரெயில்னு பெட்டி, கம்பி மேல வழுக்கப் பழகுற ஆளு. காம்பர்ல போர்ட் கொஞ்சம் கோணினாலே எட்ஜ் மாட்டி மூஞ்சி பனியில. ராக்கர்ல அந்தத் தப்பு தெரியாமலே போயிடும். மூன்ஸ்டோன் மொத்த இறக்கமே சுமார் 150 மீட்டர்தான். வருஷம் முழுக்கப் பார்க்ல ஓடிட்டு, மூணு நாள் ட்ரம்ப்ளானுக்காகவா போர்ட் வாங்குவாங்க? ஐஸ்தான் பயம்னா லிப் டெக், க்னூ கம்பெனி போர்டு பாருங்க. எட்ஜ் அலை அலையா, ரொட்டி வெட்டுற கத்தி மாதிரி இருக்கும். நல்லாவே பிடிக்கும்.

காம்பர் கந்தையா:
ரெயிலில மாட்டுதெண்டால் ஃபைல் ஒண்டு எடுத்து நுனிப்பக்க எட்ஜைக் கொஞ்சம் மழுக்கட்டும், பத்து நிமிச வேலை. ரொக்கரை அப்பிடி காம்பராக்க ஏலுமோ? சின்ன மலைக் கதையையும் விடும். கனடா ஸ்னோபோர்ட் வீரர் மார்க் மக்மோரிஸ் பிறந்த ரெஜைனா சுளகு மாதிரித் தட்டை. ஆனா 2014, 2018, 2022 எண்டு ஸ்லோப்ஸ்டைலில (ரெயில், ஜம்ப் போட்டி) மூண்டு ஒலிம்பிக் வெண்கலம்.

தண்டவாளம்:
மக்மோரிஸை இழுக்காம உங்களுக்குப் பேச வராதா? அவர் ஒரே தாவல்ல மூணு தடவை தலைகீழாப் போறவர், நம்மாளு 180. சரி, காலை ஐஸ்ல முழு ராக்கர் கஷ்டம்தான், ஒத்துக்கறேன். அப்போ ரெண்டு வளைவும் கலந்த ஹைப்ரிட் எடுக்கட்டும்.

மூஸ்கறி:
ரண்டு பேரும் வளைவுக்கு அடிபடுறியள். அந்தப் பிள்ளையின்ர சப்பாத்து சைஸை ஒருத்தரும் கேக்கேல்லை! எங்கட வீட்டுக்காரருக்கு யூஎஸ் 11. கடையில குடுத்த போர்ட்டின்ர நடு அகலம் 25 சென்டிமீட்டர்தான். விரல்பக்கம் திருப்பேக்க பூட் நுனி பனியில கொத்தி, ஆள் எகிறி விழுந்து காறையெலும்பு முறிஞ்சுது. ஆறு கிழமை சோறு தீத்தினது நான். 11 எண்டால் வைட் போர்ட் பார்க்க வேணும், 26க்குக் கிட்ட. வளைவைப் பிறகு பாருங்கோ.

பனிக்குருவி:
அக்கா, எனக்கும் 11! கடையில காட்டினதின்ர விபரத்தை இப்ப பார்த்தன், 25.2. அது வேண்டாம். ஹைப்ரிட், ட்வின், நீளம் 157 சென்டிமீட்டர், வைட் எண்டு தேடுறன். கேபிடா கம்பெனியின்ர டிஓஏ போர்ட் எப்பிடி?

காம்பர் கந்தையா:
அது சரி. காலுக்குக் கீழ காம்பர், நுனியில மட்டும் கொஞ்சம் தூக்கல். ஆனா கவனம், ரண்டு காலுக்கும் நடுவில ரொக்கர் வைச்சதையும் ஹைப்ரிட் எண்டுதான் விப்பினம். பூட்ஸைப் பிடிக்கிற பைண்டிங்கை நடுவில பூட்டு. புதுப்பனி விழுந்த நாளில ரண்டையும் ஒரு துளை பின்னுக்கு.

தண்டவாளம்:
நடுவுல ராக்கர் இருந்தாதான் ரெயில்ல சுழல லேசு!

மூஸ்கறி:
தொடங்கிட்டினம்.

பனிக்குருவி:
சனிக்கிழமை பூட்ஸையும் கொண்டு வேற கடைக்குப் போறன். போர்ட்டில வைச்சுப் பார்க்காமல் காசு குடுக்க மாட்டன்.