மைக்கோடாக்சின்: பூஞ்சை நச்சா, பூசண நஞ்சா?

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செக்கு வைத்திருப்பவர்களுக்கும் கடலை மிட்டாய் போடும் மகளிர் குழுக்களுக்குமான எட்டுப் பக்கக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சான மைக்கோடாக்சினுக்கு 'பூஞ்சை நச்சு' என்று போட்டிருக்கிறேன். அதில் ஒரு வகையான, கடலையில் வரும் அஃப்ளாடாக்சினை அப்படியே விட்டுவிடலாம். ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சைப் பெயரை வெட்டி ஒட்டியது அது. பிரித்தால் தமிழில் ஒன்றும் மிஞ்சாது. இன்னொரு சிக்கல்: ஹசார்டு (ஒரு பொருளின் தீங்கு செய்யும் குணம்), ரிஸ்க் (அந்தத் தீங்கு நேரும் வாய்ப்பு) இரண்டுக்குமே முதல் வரைவில் 'ஆபத்து' என்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

மு. எழுதியது:

> பூஞ்சை நச்சு

இது இலக்கணப்படி நிற்காது. பெயர்ச்சொல் நஞ்சு. அது முன்னால் நின்று வேற்றுமையில் புணரும்போதுதான் மென்றொடர் (ஞ்சு) வன்றொடராகி (ச்சு) நச்சு ஆகும்: நச்சுப்பல், நச்சுப்பை. கரும்பு கருப்புவில்லாவதும் இப்படித்தான். கடைசியில் நிற்கும் சொல்லுக்கு இந்தத் திரிபு வர வழியில்லை. தனித்து நிற்கும் 'நச்சு' விரும்புதலைக் குறிக்கும் வினை. நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அதுதான். குறள் 1008 இரண்டையும் அருகருகே வைக்கிறது: "நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று". முதலாவது விருப்பம், இரண்டாவது நஞ்சு. அங்கும் மரத்துக்கு முன்னால்தான் நிற்கிறது. ஆகவே 'பூஞ்சை நஞ்சு' என்று திருத்துங்கள்.

இ. எழுதியது:

மு. ஐயா சொல்வதை ஏற்கிறேன். என் கவலை முன்பாதி பற்றியது. பூஞ்சை என்றதும் படிப்பவர் பச்சைப் படலத்தைத் தேடுவார். துடைத்து, வெயிலில் போட்டு, பூஞ்சை செத்த பிறகும் நஞ்சு பருப்பிலேயே இருக்கும். வறுத்தால் ஓரளவு குறையுமே தவிரப் போகாது. ஆட்டும்போது பெரும்பகுதி எண்ணெயோடு இறங்காமல் புண்ணாக்கில் தங்குகிறது. மாடு அதைத் தின்றால் ஈரல் அஃப்ளாடாக்சின் பி1 என்ற வகையை எம்1 என்ற வகையாக மாற்ற, அது பாலில் வரும், காய்ச்சினாலும் நீங்காது. அந்தப் பாலில் ஓர் இழை பூஞ்சைகூடக் கிடையாது.

ஹசார்டும் ரிஸ்க்கும் கட்டாயம் பிரிய வேண்டும். ஒரு கணக்கு பாருங்கள். கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் பி1 உள்ள கடலையை நாளுக்கு 30 கிராம் தின்றால் உள்ளே போவது 0.3 மைக்ரோகிராம். ஆள் 60 கிலோ என்றால், உடல் எடையில் கிலோவுக்கு 5 நானோகிராம். எலிகளுக்கு ஈரல் புற்று வந்த சோதனைகளிலிருந்து ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட அளவு, அதே போல் நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 400 நானோகிராம். 400ஐ 5ஆல் வகுத்தால் 80. அது 10,000க்குக் குறையாமல் இருந்தால்தான் கவலை குறைவு என்பார்கள். மரபணுவையே தாக்கும் நஞ்சு என்பதால் 'இவ்வளவு வரை தின்னலாம்' என்று வரம்பு வைப்பதில்லை. இந்த இடைவெளியைத்தான் பார்க்கிறார்கள்.

அதே 5 நானோகிராமில், ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கிய லட்சம் பேரில் ஆண்டுக்கு 1.5 ஈரல் புற்று வரும், கிருமி இல்லாத லட்சம் பேரில் 0.05 வரும் என்பது ஜெக்ஃபா என்ற பன்னாட்டு உணவு நிபுணர் குழுவின் 1998 மதிப்பீட்டின்படி கிடைக்கும் கணக்கு. நஞ்சின் குணம் ஒன்றுதான், முப்பது மடங்கு வேறுபடுவது இடர். முன்னதற்கு 'தீங்கியல்பு', பின்னதற்கு 'இடர்' என்பது என் பரிந்துரை.

க. எழுதியது (யாழ்ப்பாணத்திலிருந்து):

எங்கள் பாடநூல்களில் ஃபங்கஸ் 'பங்கசு'தான். 'பங்கசு நஞ்சு' என்றால் இங்கே மாணவருக்கு உடனே விளங்கும். இன்னொன்று: உங்கள் கடலை எங்களுக்குக் கச்சான், கடலை என்றால் நாங்கள் நினைப்பது கொண்டைக்கடலையை. கையேடு இங்கும் வருமென்றால் 'நிலக்கடலை' என்றாவது எழுதுங்கள்.

தா. எழுதியது:

பூஞ்சை உடம்பு என்று யாரைச் சொல்கிறோம்? நோஞ்சானை. 'பூஞ்சை நஞ்சு' என்றால் வலுவில்லாத நஞ்சு என்று படிக்க இடமிருக்கிறது! பேச்சில் பூசணம் பிடித்தது என்றுதானே சொல்கிறோம்? 'பூசண நஞ்சு' போதும். பூசணம் பூசு என்ற வினையிலிருந்து வந்தது என்பது என் கருத்து. மேலே பூசினாற்போல் படர்வது.

மு. எழுதியது:

பூசு அன்று, பூ என்றே நினைக்கிறேன். கண் பூத்துப்போகிறது, நீறு பூக்கிறது. மேலே படலம் கட்டுவதற்கு அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம். எந்த வேரானாலும் கண்ணுக்குத் தெரியும் படலத்தைத்தான் சொல்கிறது. இ. அவர்களின் தடை இன்னும் வலுக்கிறது. மறைந்திருப்பதால் 'கரவு நஞ்சு' என்று ஏன் வைக்கக்கூடாது?

இ. எழுதியது:

அழகான சொல், ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கம்பில் தேனொழுகல் நோயின் கரும்பூசணக் கட்டிகள் கண்ணுக்கே தெரியும். 10 லிட்டர் நீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதைக் கம்பைப் போட்டால் மிதந்து வரும். அள்ளி எறிந்துவிட்டு, விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்துகிறோம். அந்தக் கட்டிகளில் உள்ள நஞ்சும் மைக்கோடாக்சின்தான், அதில் கரவு எங்கே? செக்குக்காரர் 'கரவு' என்பதைக் கறவை என்று படித்துவிடவும் கூடும்.

செ. எழுதியது:

நேரமில்லை. 'பூசண நஞ்சு' என்று போகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் மைக்கோடாக்சின் என்றும் சேர்க்கிறேன். எழுதியவர்களில் நஞ்சுக்கு மறுப்பு இல்லை. தீங்கியல்பு, இடர் இரண்டும் ஏற்பு. நிலக்கடலை என்று மாற்றிவிட்டேன். 80, 10,000 கணக்கிலுள்ள இடைவெளிக்குக் கலைச்சொல் வைக்காமல் வாக்கியமாகவே எழுதுகிறேன்.

க. எழுதியது:

பூசணம் என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. பூசணி என்று வாசிக்கிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

இ. எழுதியது:

சொல் எதுவானாலும் மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி சேருங்கள். ஓடு எளிதாக உடைய வேண்டும் என்று காய்மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. அந்த ஈரமே பூசணத்துக்குப் போதும். மிட்டாய்க்குப் பொறுக்கும்போது ஒதுக்கிய சொத்தை, சுருங்கல், நிறம் மாறிய பருப்பை எண்ணெய்க்கென்று செக்குக்கு அனுப்பக் கூடாது. ஒரு குழு ஒதுக்கியது அடுத்த தெருச் செக்கில் புண்ணாக்காகி மாட்டுக்குப் போகிறது. தீங்கியல்பு, இடர் புரியாதவருக்கும் இந்த இரண்டு வரி புரியும்.