படியேற முடியாத பெரியவர்களும் வந்து கூட என்ன ஏற்பாடு தேவை?

கேள்வி:
எங்கள் குடியிருப்புச் சங்க ஹாலில் ஞாயிறு காலை பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 6 அங்குலம். இருவருக்குச் சக்கர நாற்காலி, சிலருக்குக் காது மந்தம். வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிடுகிறார்கள். எதைச் சரிசெய்யலாம்?

பதில் 1:
மொத்த உயரம் 18 அங்குலம். 1:12 சரிவுக்கு, அதாவது ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்ற கணக்கில், சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். 6 அடிப் பலகையைச் சாய்த்துச் சமாளிக்காதீர்கள்; அது 1:4, தள்ளுகிறவரும் சேர்ந்து விழுவார். அகலம் 4 அடி, இருபுறமும் கைப்பிடி. கதவுக்கு முன் 5 அடிக்கு 5 அடி சமதளம் கட்டாயம். அது இல்லாவிட்டால் கதவைத் திறக்கும் நேரத்தில் நாற்காலி பின்னால் உருளும். டைல்ஸ் வேண்டாம். சிமெண்ட் காயுமுன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தால் மழையிலும் எளிதில் வழுக்காது. படியை இடிக்காதீர்கள், முழங்கால் வலிக்காரர்கள் பலருக்குச் சரிவைவிடக் கைப்பிடியுள்ள படியே எளிது.

கேட்டவர்:
வாசலுக்கு நேராக 12 அடிதான் இருக்கிறது.

பதில் 1:
‘ட’ எழுத்துபோல் சுவரோரம் திருப்புங்கள். திருப்பத்திலும் 5 அடி சமதளம் விடவேண்டும்.

பதில் 2:
காலை நேரமே ஒரு தடை. நீர் மாத்திரை பெரும்பாலும் காலையில்தான் போடுவார்கள். அடுத்த சில மணி நேரம் அடிக்கடி சிறுநீர் வரும், வெளியே கிளம்பத் தயங்குவார்கள். மாலை 4 முதல் 5.30 வரை வைத்தால் இருட்டுமுன் வீடு திரும்பலாம். வெஸ்டர்ன் கழிப்பறையும் பக்கச் சுவரில் பிடிகம்பியும் அவசியம். காது மிஷின் மின்விசிறி இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் மைக்கை மட்டும் நம்பாதீர்கள். எட்டுப் பேர் வட்டமாக, பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காரட்டும். கைப்பிடியுள்ள, 18 அங்குல உயர நாற்காலி போடுங்கள். தாழ்வானதில் உட்கார்ந்தால் எழ முடியாது.

பதில் 3:
கட்டடம் சரியானாலும் அழைப்பு சரியில்லாவிட்டால் வரமாட்டார்கள். வாட்ஸ்அப் அறிவிப்பு போதாது. முதல் நாள் மாலை போன், கிளம்பும் நேரத்தில் அதே தெருக்காரர் ஒருவர் வாசலில் போய் நிற்கவேண்டும். குத்துவிளக்கு, குங்குமம் என்று விழாபோல் தொடங்காதீர்கள். கணவரை இழந்த பெண்கள் பலர் அதற்கே ஒதுங்கிக்கொள்வார்கள், தனிமை அதிகம் வாட்டுவதும் அவர்களைத்தான். ஒவ்வொருவரிடமும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: ஒருவர் நாளிதழ் வாசிக்கட்டும், ஒருவர் வருகைப் பதிவு எழுதட்டும். வேலை இருக்கிற இடத்துக்குத்தான் மனிதர் தவறாமல் வருவார். இரண்டு வாரம் ஒருவர் வராவிட்டால் நேரில் போய்ப் பாருங்கள். வீட்டில் கவனிப்பே இல்லை, துன்புறுத்தல் என்று தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.