கடிதமாகவே எழுதிய மாயக்கதை படித்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோபியிலிருந்து:

கடிதம் பற்றிய பேச்சு என்பதால் பிள்ளையார் சுழியை நானே போட்டுவிடுகிறேன்.

நான் படித்தது 'சார்சரி அண்ட் செசீலியா'. பாட்ரீஷியா ரீடி, கரோலின் ஸ்டீவர்மர் என்ற இரண்டு அமெரிக்க எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதியது. 1988-இல் வந்தது. கதை நடப்பது 1817-இல், இங்கிலாந்தில். நெப்போலியன் சண்டை ஓய்ந்துவிட்ட காலம். நமக்குத் தெரிந்த அதே இங்கிலாந்துதான், ஆனால் மந்திரம் உண்டு. மந்திரவாதிகளுக்கென்று ராஜாங்கக் கல்லூரியே இருக்கிறது. கேட், செசீலியா இருவரும் அக்கா தங்கை முறை. கேட்டை லண்டனுக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள், பெரிய இடத்து விருந்துகளில் நாலு பேர் கண்ணில் பட்டால் நல்ல வரன் அமையும் என்று. செசீலியாவை எஸெக்ஸ் கிராமத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. புத்தகம் பூராவும் இந்தக் கடிதப் போக்குவரத்துதான்.

ஈரோடு பஸ்ஸில் போகவர இதைப் படித்தேன். முதல் சில கடிதங்கள் பிடிபடவே இல்லை. அத்தை பெயர், பக்கத்துப் பண்ணைக்காரர் பெயர், போன வருஷம் நடந்த ஏதோ ஒரு ஆட்டுச் சமாசாரம் என்று கொட்டிக்கொண்டே போகிறார்கள். எழுதுகிறவளுக்கும் படிக்கிறவளுக்கும் எல்லாம் தெரியும், இடையில் புகுந்த நமக்குத்தான் ஒன்றும் தெரியாது. ஒரம்பரை வீட்டு ஆசாரத்தில் போய் உட்கார்ந்ததும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிற பேச்சில் யார் யாருக்கு என்ன முறை என்று விழிப்போமே, அந்த நிலைமை. பொறுத்துக்கொண்டால் அதுவே ருசியாகிவிடுகிறது. மாயக்கதைகளில் எனக்குப் பிடிக்காதது, ஒரு கிழவர் உட்கார்ந்து மந்திர உலகத்தின் சட்டதிட்டங்களை வகுப்பெடுப்பது. இதில் அது கிடையாது. அக்காளுக்கும் தங்கைக்கும் மந்திரம் தினசரி விஷயம், அதை ஒருத்திக்கு இன்னொருத்தி எதற்கு விளக்கப்போகிறாள்?

ஒரு இடம் சொல்கிறேன். கல்லூரியில் விழா நடக்கும்போது கேட் சின்னக் கதவு ஒன்றைத் திறந்துகொண்டு உள்ளே போகிறாள். தோட்டம். அங்கே ஒரு மூதாட்டி நீல நிறச் சாக்லேட் கூஜாவோடு உட்கார்ந்துகொண்டு, வேறு யாரோ என்று நினைத்து இவளைக் குடிக்கச் சொல்கிறாள். அந்தக் காலத்தில் சாக்லேட் என்பது காபி மாதிரி ஊற்றிக் குடிப்பது. கேட் உடுப்பில் அது சிந்துகிறது, சிந்தின இடம் பொத்தலாகிவிடுகிறது. இதை அவள் எழுதுகிற தினுசு இருக்கிறதே! உயிர் தப்பியதைவிட நல்ல உடுப்பு பாழானதை அத்தையிடம் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அவளுக்குக் கவலை. பயம் நமக்கு மட்டும்தான்.

என் மனசில் நின்ற இன்னொரு விஷயம். அம்மாயி வீட்டில் வந்த கடிதங்களை வளைத்த கம்பியில் குத்தி மாட்டியிருப்பார்கள். உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். அதில் பம்பாய்ச் சித்தி எழுதினதெல்லாம் இருக்கும். அம்மாயி எழுதச் சொல்லி நாங்கள் எழுதிப்போட்ட பதில் ஒன்றுகூட இருக்காது, அது பம்பாயில் வேறு கம்பியில். எந்த வீட்டிலும் பாதிக் கதைதான் தொங்கும். இரண்டு கம்பியையும் ஒரே இடத்தில் மாட்டுவது நாவலால்தான் முடிகிறது. செசீலியாவுக்குக் கிராமத்தில் தெரிந்த விஷயம் கேட்டுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, ஆனால் நமக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் கதை ஓடுகிறது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து:

தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவனுங்க. இதே புத்தகத்தைப் பேத்தி கொடுத்தாள். மந்திரம் தந்திரமெல்லாம் எனக்கு ஒட்டவில்லை, தபால் ஒட்டியது. அம்மிணி சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். 1840-இல் ஒரு பென்னி தபால்தலை வருகிற வரைக்கும் அந்த நாட்டில் பெரும்பாலும் கடிதத்துக்குக் காசு கட்டியது பெறுகிறவர்தான். எவ்வளவு தூரம், எத்தனை தாள் என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். கவர் போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்துவிடுவார்கள். சிக்கனக்காரர்கள் ஒரு பக்கம் எழுதி முடித்து, தாளைக் குறுக்கே திருப்பி அதன் மேலேயே எழுதுவார்கள். இந்தப் பெண்கள் பக்கம் பக்கமாக எழுதுவதைப் பார்த்தால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரி ஊர். ஆண்கள் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாசக்கணக்காகும். செல்போன் வருவதற்கு முன்னால் கடிதம்தான். படிக்கத் தெரியாத வீடுகளில் திண்ணையில் உட்கார்ந்து நானே படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பேன். ஒரு வீட்டில் மாமியார் பக்கத்தில் நிற்பார். மருமகள் சொல்லச் சொல்ல எழுதுவேன். "எல்லாரும் சௌக்கியம். எருமை கன்னு போட்டிருக்குது. அத்தை நல்லா பாத்துக்கறாங்க." அவ்வளவுதான். மாமியார் தண்ணி எடுக்க உள்ளே திரும்பினதும், "சீக்கிரம் வரச் சொல்லி எழுதுங்க" என்று மெதுவாக ஒரு வரி. அதை ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி மடித்து ஒட்டிவிடுவேன். அந்த இன்லேண்டில் எழுதாமல் விட்டதுதான் எச்சு.

இந்த நாவலில் எனக்குக் குறையாகப் படுவதும் அதுதான். இரண்டு பெண்களும் ஒளிக்காமல் எழுதுகிறார்கள். அத்தைமார்கள் கண்ணில் படாமல் எழுதினால் சரி, அதற்கு மேல் சிரமம் இல்லை. பக்கத்தில் ஆள் நிற்க எழுதுகிற கடிதம் ஒன்றிரண்டு இருந்திருந்தால் அது வேறு மாதிரி கதையாக இருந்திருக்கும்.

திருப்பூரிலிருந்து:

நான் பேய்க்கதைக் கட்சி. 'டிராகுலா' படித்திருக்கிறேன், 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதியது. முழுக்கக் கடிதம் என்று சொல்ல முடியாது. டைரி, தந்தி, பத்திரிகைத் துணுக்கு எல்லாம் கலந்து வரும். இந்த மாதிரிக் கதைகளில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு: எழுதுகிறவன் பிழைத்துவிட்டான் என்பதுதான் கடிதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறதே, அப்புறம் என்ன பயம்?

பாதி தாண்டினதும் சந்தேகம் போய்விட்டது. எழுதும்போது உயிரோடு இருந்தான் என்பதுதான் நிச்சயம், அடுத்த கடிதத்துக்கு உத்தரவாதம் இல்லை. அதோடு மீனா என்ற பெண் எல்லார் டைரியையும் கடிதத்தையும் வரிசைப்படுத்தி டைப் அடிக்கிறாள். பேய் வேட்டைக்குப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் திட்டம் போடுகிறார்கள். அதாவது நாம் படிக்கிற புத்தகத்தைக் கதாபாத்திரங்களும் படிக்கிறார்கள். டிராகுலாவுக்கும் அது புரிந்துவிடுகிறது, வந்து அந்தக் காகிதங்களைக் கொளுத்துகிறான். இன்னொரு படி பெட்டகத்தில் இருந்ததால் தப்பித்தார்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் நாள் பூராவும் ஃபைலோடு மாரடிக்கிற எனக்கு அந்த இடத்தில் கைதட்டத் தோன்றியது.

அவிநாசியிலிருந்து:

இதற்கெல்லாம் இங்கிலாந்து வரைக்கும் போகணுமா? சிலப்பதிகாரத்தில் மாதவி எழுதிய இரண்டு கடிதங்கள் போதாதா? முதல் கடிதம் தாழை மடலில் எழுதினது, கோவலன் வாங்க மறுத்துவிடுகிறான். இரண்டாவதைக் கௌசிகன் கொண்டுபோய் மதுரை வழியில் கொடுக்கிறான். பிரிப்பதற்கு முன்னாலேயே மாதவியின் கூந்தல் வாசம் அந்த முத்திரையில் வீசுகிறது. படித்துவிட்டு, அவள் மேல் குற்றமில்லை என்று தெளிகிறான். அப்புறம் செய்கிறான் பாருங்கள் ஒரு காரியம்: அதே ஓலையைத் தன் அப்பா அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறான். அவன் சொல்ல வேண்டியதற்கும் அவள் வார்த்தையே பொருந்திப்போனது. ஒருத்தி ஒருவனுக்கு எழுதியது இன்னொரு வீட்டுக்குப் போகிறது. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் "மாதவிக்கு அது தெரியுமா சார்?" என்று கேட்பார்கள். பதில் இல்லை.

மாயம் வேண்டுமென்றால் திருமுகப் பாசுரம் இருக்கிறது. பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்கச் சொல்லிச் சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவனே எழுதின சீட்டு. 'மதிமலி புரிசை' என்று தொடங்கும். பதினோராம் திருமுறையில் முதல் பாட்டே அதுதான்.

கோபியிலிருந்து:

சார், மாதவி ஓலை விஷயத்தில் வாயடைத்துப் போனேன். ஆனால் அது கதைக்குள் வருகிற கடிதம், நான் கேட்டது கடிதமே கதையாக இருப்பது. அப்படிப் பார்த்தால் நம்மிடம் மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' இருக்கிறது, 1921-இல் வந்தது. மந்திரம்தான் இல்லை.

ஒன்று விட்டுப்போனது. 'சார்சரி அண்ட் செசீலியா'வை எழுதிய இருவரும் அதை நாவலாக எழுத உட்காரவில்லை. கடித விளையாட்டு என்று ஒன்று ஆடினார்கள். ஒருவர் ஒரு பாத்திரமாக எழுதுவார், மற்றவர் இன்னொரு பாத்திரமாகப் பதில் போடுவார். அடுத்து என்ன நடக்கும் என்று கலந்து பேசக்கூடாது. இதைக் கேட்டதிலிருந்து என் மகளும் தாராபுரத்தில் இருக்கிற அண்ணன் மகளும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஏன் போன் பேசாமல் எழுதுகிறார்கள் என்பதற்குக் காரணம் வேண்டுமே, அதனால் கதையைப் பவானிசாகர் அணை கட்டின காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள், 1953. ஒருத்தி டணாயக்கன் கோட்டையில், தண்ணீர் ஏறப்போகிற ஊரில். கோயிலுக்குள் ஏதோ இருக்கிறதாம், இன்னும் என்னவென்று இரண்டு பேருக்குமே தெரியாது. சின்னவள் போட்ட கடைசிக் கடிதத்தில் ஊரையே காலி செய்துவிட்டார்கள். பெரியவள் பதில் எழுதிவிட்டு விலாசம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். திருச்செங்கோட்டு ஐயா, அந்தக் கடிதம் எங்கே போகுமுங்க?

திருச்செங்கோட்டிலிருந்து:

போகும் முன்னால் ஆபீசில் புது விலாசம் எழுதிக் கொடுத்திருந்தால், பழையதை அடித்துவிட்டுப் புதுசு எழுதி அனுப்பிவிடுவோம் அம்மிணி. கொடுக்கவில்லையென்றால் எழுதினவருக்கே திரும்பும். அந்த விலாசமும் இல்லையென்றால் செத்த கடித ஆபீசுக்குப் போய்ப் பிரித்துப் பார்ப்பார்கள். கோயில் ரகசியத்தை எவனாவது குமாஸ்தா படித்துத் தொலைப்பான். பாப்பாவைப் பின்பக்கம் அனுப்புநர் விலாசம் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.