கொமடோர் 64 படங்களில் வரிவரியாகப் பட்டை தெரிகிறது: ஃபைல் கெட்டதா, படமே அப்படியா?

நீலக்கட்டம்

வணக்கம் நண்பர்களே. 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியில் வரைந்த படங்கள், டி64 டிஸ்க் இமேஜ்களாக (பழைய டிஸ்க்கின் முழு நகலாக) என்னிடம் இருக்கின்றன. அந்தக் கணினியைப் போலவே இயங்கும் வைஸ் எமுலேட்டரோடு வரும் சி1541 கருவியால் ஃபைல்களை வெளியே எடுத்தாயிற்று. சந்தேகங்கள் இவை:

பல படங்களில் வானத்திலும் முகத்திலும் ஒரு வரி ஒரு நிறம், அடுத்த வரி வேறு நிறம் என்று பட்டையாகத் தெரிகிறது. ஒரு ஃபைல் 10003 பைட்டுக்குப் பதில் 10001 பைட் இருக்கிறது. என் வியூவரில் அந்தப் படம் முழுக்கச் சிதறி வருகிறது. ‘ஜிஜி’ என்று பெயர் தொடங்கும் இன்னொன்று திறக்கவே இல்லை. எல்லாம் சரியானபின் அச்செடுக்க வேண்டும். எந்த அளவுக்குப் பெரிதாக்கலாம்?

ராஸ்டர்வரி

ஃபைல் அளவைப் பார்த்தே பாதி விஷயம் சொல்லிவிடலாம். கோலா பெயின்டர் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த படம் என்றால் 10003 பைட், டிஸ்க்கில் 40 பிளாக். முதல் 2 பைட், ஃபைலை நினைவகத்தில் எங்கே ஏற்றுவது என்று சொல்லும் லோட் முகவரி (00 60), அடுத்த 8000 பிக்சல்களுக்கான பிட்மேப், பிறகு நிறங்களுக்கான 1000 ஸ்கிரீன் ராம், 1000 கலர் ராம், கடைசி ஒரே பைட் பின்னணி நிறம்.

உங்கள் 10001 பைட் ஃபைலில் விடுபட்டது அந்த லோட் முகவரிதான். எடுக்கும்போது சில கருவிகள் அதை வெட்டிவிடும். கொமடோர் பிட்மேப் வரிவரியாக அல்ல, கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு 8 பைட் வீதம் சேமிக்கப்படுகிறது. 2 பைட் குறைந்தால் ஒவ்வொரு கட்டமும் இரண்டு வரி மேலே ஏறி, பக்கத்துக் கட்டத்தின் தலை இதன் காலில் வந்து ஒட்டிக்கொள்ளும். நிறங்களும் இரண்டு கட்டம் தள்ளி விழும். ஃபைலை பைட் பைட்டாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் ஃபைலின் தொடக்கத்தில் 00 60 என்று இரண்டு பைட்டைச் செருகுங்கள். மேலெழுதிவிடக் கூடாது, செருக வேண்டும்.

‘ஜிஜி’ என்பது சுருக்கிய கோலா படம். எஃப்இ என்ற பைட் வந்தால் அடுத்த பைட் திரும்பத் திரும்ப வர வேண்டிய மதிப்பு, அதற்கடுத்தது எத்தனை முறை என்ற எண்ணிக்கை. பழைய கணினிப் படங்களுக்கான ரீகாயில் வியூவர் அதை நேரடியாகவே திறக்கும், பிஎன்ஜியாக மாற்றியும் தரும்.

பழுப்பு_9

பட்டைகள் பழுதல்ல. தயவுசெய்து அவற்றை ‘சரிசெய்து’ விடாதீர்கள், படத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது.

ஐரோப்பாவின் பால் (PAL) முறை டிவி, அடுத்தடுத்த இரண்டு வரிகளின் நிறத்தைச் சராசரி எடுத்துத்தான் காட்டும். ஒளிர்வை அது தொடாது. கொமடோரின் 16 நிறங்களில் பல, ஒரே ஒளிர்வில் ஜோடி ஜோடியாக அமைந்தவை: நீலம்–பழுப்பு, சிவப்பு–கருஞ்சாம்பல், ஊதா–ஆரஞ்சு, வெளிர்நீலம்–நடுச்சாம்பல், பச்சை–வெளிர்சிவப்பு, சயான்–வெளிர்சாம்பல், மஞ்சள்–வெளிர்பச்சை. ஒரு வரி சிவப்பு, ஒரு வரி கருஞ்சாம்பல் என்று வைத்தால் டிவியில் வரியே தெரியாது; மங்கிய சிவப்பு ஒன்று கிடைக்கும். அது 16இல் இல்லாத நிறம்! வரைந்தவர் கண்ணால் பார்த்து, கணக்குப் போட்டு வைத்த நிறம் அது.

வைஸில் பழைய குழாய் டிவியைப் போலக் காட்டும் சிஆர்டி ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள். தனிப்படமாக வேண்டுமென்றால் ஜிம்ப் என்ற படத்திருத்தி போதும். 320 × 200 அளவிலேயே, பெரிதாக்குவதற்கு முன், ஆர்ஜிபி மோடுக்கு மாற்றி லேயரை நகலெடுங்கள். நகலை ஒரு பிக்சல் கீழே நகர்த்தி, லேயர் மோடை எல்சிஹெச் கலர், ஒப்பாசிட்டியை 50 என்று வையுங்கள். துல்லியமான பால் அல்ல, ஆனால் மிக நெருங்கி வரும். வைஸிலும் ஜிம்ப்பிலும் ஒரே பேலட் (16 நிறங்களின் பட்டியல்) இருக்கட்டும். கொலோடோர் என்ற பேலட் என் தேர்வு; கண்ணைப் பறிக்கும் பழைய பேலட்டுகளில் பழுப்பும் ஆரஞ்சும் கெட்டுப்போகின்றன.

ராஸ்டர்வரி

மேலே சொன்னதோடு ஒன்று. இந்த வரிக்கலப்பு ஐரோப்பியப் படங்களுக்குத்தான். அமெரிக்க என்டிஎஸ்சி டிவியில் இந்தச் சராசரி நடக்காது, அங்கே வரைந்த படத்துக்கு இதைப் போட்டால் இல்லாத நிறம் முளைக்கும்.

அச்சளவும் எந்த டிவி முறை என்பதைப் பொறுத்ததே. கோலா போன்ற மல்டிகலர் படம் 160 × 200, பிக்சல் சதுரமல்ல. பால் டிவியில் ஒரு பிக்சலின் அகலம் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.87 மடங்கு. ஆகவே ஒவ்வொரு பிக்சலையும் 15 அகலம், 8 உயரம் ஆக்குங்கள்: படம் 2400 × 1600. என்டிஎஸ்சியில் 1.5 மடங்கு, 12க்கு 8: படம் 1920 × 1600. பெரிதாக்கும்போது பிக்சல்கள் குழையாமலிருக்க இன்டர்போலேஷன் ‘நன்’ என்று இருக்க வேண்டும். ரீகாயில் ஒவ்வொரு பிக்சலையும் இரட்டித்துத் தரும் படம் 320 அகலம் என்பதால் 7.5 மடங்காகிறதே என்று பயப்பட வேண்டாம். ஒன்று 7, ஒன்று 8 என்று விழுந்து ஜோடி 15 ஆகிவிடும். ஜேபெக் வேண்டாம், நிறவிளிம்பு கசியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

நீலக்கட்டம்

00 60 செருகியதும் படம் முழுசாக வந்துவிட்டது, மிக்க நன்றி! முகத்தின் நிழல் சில இடங்களில் நேர்கோட்டில் வெட்டினாற்போல் நிற்கிறதே, அதுவும் டிவியில் மறைந்துவிடுமா?

பழுப்பு_9

மறையாது, அது கட்டத்தின் எல்லை. 4 × 8 பிக்சல் கொண்ட ஒரு கட்டத்துக்குள் மூன்று நிறம், அதோடு படம் முழுமைக்கும் பொதுவான பின்னணி நிறம் ஒன்று, அவ்வளவே. தோலுக்குப் பழுப்பு, ஆரஞ்சு, வெளிர்சிவப்பு, மஞ்சள் என்று நான்கு படி வேண்டும். பின்னணி கறுப்பென்றால் ஒரு படிக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

ஜிம்ப்பில் 320 × 200 படத்தின்மேல் 8 × 8 கிரிட் போட்டு (இதில் பிக்சலின் அகலம் இரட்டிப்பதால் கட்டம் 8 × 8 ஆகிறது), மூக்கை 800 சதவீதத்தில் பாருங்கள். மஞ்சள் மினுக்கு இருக்கும் கட்டத்தில் பழுப்பு இருக்காது. மூக்கின் நிழல் அடுத்த கட்டத்தில்தான் தொடங்கும். தேர்ந்த கை என்றால் கட்டத்தின் விளிம்பு மூக்கின் விளிம்பிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் படத்தில் வெட்டு தெரிவது எத்தனை கட்டத்தில் என்று எண்ணிப் பாருங்கள். மொத்தம் 1000 கட்டம் இருக்கிறது.