கினபாலு: உச்சி ஏறாமல் திரும்பினால் போன காசு வீணா?

கிள்ளான்_குமார்:
பள்ளி விடுமுறைக்கு போர்னியோவில் இருக்கும் சபா மாநிலத்துக்குப் போறோம். அங்கே கினபாலு மலை உச்சிக்குக் கேட்கிற காசைப் பார்த்தா தலை சுத்துது. ஏறாமல், கினபாலு பார்க் தலைமையகத்தைச் சுற்றி இருக்கும் காட்டுப் பாதைகளில் மட்டும் நடந்தால் போதுமா?

மழைக்காடன்:
தாராளமா போதும். நான் உச்சி ஏறியவன்தான். முதல் நாள் முழுக்க முன்னால் போனவர் குதிகாலைப் பார்த்தேன், மறுநாள் விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் பாறையைப் பார்த்தேன். அடுத்த முறை ஓடையை ஒட்டிப் போகும் சிலாவ்-சிலாவ் பாதையில் மூன்று காலை நடந்தேன். மூன்றாம் நாள் வொயிட்ஹெட் தீக்காக்கை, ரத்தச் சிவப்பில், அசையாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தது. போர்னியோ மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை.

மலைப்பித்தன்:
அண்ணே, குதிகாலையே பார்த்துட்டுப் போனதுக்கு மலை என்ன செய்யும்? ஏற ஆரம்பிக்கிற திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர், உச்சி 4,095. கிளம்பும்போது ஓக் மரக்காடு. கொஞ்ச நேரத்தில் கிளையெல்லாம் பாசி தாடி. வழியில் லாயாங்-லாயாங் என்ற இடத்தைத் தாண்டினால் மண்ணே மாறிடும். உலோகச் சத்து மிகுந்த அந்த மண்ணில் மரமெல்லாம் குட்டையா முறுக்கிக்கிட்டு நிற்கும். அப்புறம் மொட்டைக் கருங்கல். இதை ஓடைக்கரையில் எப்படிப் பார்ப்பீங்க? குடுவை மாதிரி இலையில் பூச்சி பிடிக்கிற ராஜா குடுவைச்செடியும் வழியிலேயே இருக்கு.

மழைக்காடன்:
அங்கேதான் தப்பு, தம்பி. ராஜா இருந்தது, உச்சிக்குப் போன இன்னொரு பாதையான மெசிலாவ் பக்கம். 2015 ஜூன் நிலநடுக்கத்தில் 18 பேர் இறந்தார்களே, அதற்குப் பிறகு அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். உச்சிப் பாதையில் நீங்கள் பார்த்தது வில்லோசா என்ற வேறொரு குடுவைச்செடியாக இருக்கும்.

மலைப்பித்தன்:
சரி, வில்லோசாதான், ஒத்துக்கிறேன். (ராஜாவின் மூடியில் ஊறும் இனிப்பை நக்க வரும் மர மூஞ்சூறு, குடுவைக்குள்ளேயே மலம் கழிச்சிட்டுப் போகும், அதுதான் செடிக்கு உரம். அதைப் பார்க்கிற ஆசையில் வாய் தவறிடுச்சு.) ஆனா வில்லோசாவும் கீழே கிடைக்காதே?

மழைக்காடன்:
கிடைக்காது. அதை மறுக்கவில்லை. ஒரு செடிக்காக முட்டியை அடகு வைக்கணுமா என்பதுதான் கேள்வி. இறங்கும்போது தெரியும்.

கிள்ளான்_குமார்:
சொல்ல மறந்துட்டேன், கூட 62 வயது அம்மாவும் 9 வயது பையனும் வர்றாங்க.

மலைப்பித்தன்:
இதை முதல்லயே சொல்லக் கூடாதா லா! அம்மாவோட ஓடைக்கரையில் நடங்க. காலையில் சீக்கிரம் கிளம்புங்க, மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிடும். பையன் வளர்ந்ததும் என்கிட்ட அனுப்புங்க.