பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) சுகர் நோயாளிகளுக்குக் கால், சிறுநீரகம் பார்க்க நேரம் எங்கே?

பொன்னி:
எங்கள் என்.சி.டி. (சுகர், பி.பி. போன்ற தொற்றா நோய்) கிளினிக்கில் சுகர், பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கவே பொழுது சரியாகிறது. கால், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), கண் எல்லாம் விட்டுப்போகிறது. இன்னொன்று: டோஸ் கூட்டியும் சிலருக்குச் சாப்பிட்ட பின் சுகர் 250க்குக் கீழே வருவதில்லை. அவர்களே வீட்டில் வியர்வை, படபடப்பு என்கிறார்கள். எங்கே பிசகுகிறது?

வைகை:
இரண்டாவதுதான் ஆபத்து சிஸ்டர், அதை முதலில் பாருங்கள். 'இன்னைக்கு டெஸ்ட்' என்று காலை மாத்திரையை விட்டுவிட்டு வருகிறார்களா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வெறும் வயிற்று ரத்தம் எடுத்ததும் வழக்கமான மாத்திரையைப் போட்டு, வீட்டில் சாப்பிடும் அளவே சாப்பிட வேண்டும். முதல் கவளத்திலிருந்து 2 மணி நேரம் கணக்கு. மாத்திரை போடாமல் வந்த அளவைப் பார்த்து கிளைமிபிரைடு என்ற சுகர் மாத்திரையை 1 மி.கி.யிலிருந்து 2 ஆக்கினால், ஒழுங்காகப் போடும் நாட்களில் சுகர் சரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் டோஸைத் தொடுமுன் எச்.பி.ஏ1சி (இரண்டு மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவருக்கு அது கூடுதலாகக் காட்டலாம், ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள். படபடப்பு வந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்பதை வீட்டாருக்கும் சொல்லி அனுப்புங்கள்.

பாலாறு:
நேரம் அந்த 2 மணி நேரத்திலேயே இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு, வெடிப்பு, காய்ப்பு பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பதால் ஒரு மாதத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு பேருக்குப் பார்த்தால் சரி. பிறந்த மாதத்தை வைத்துப் பிரியுங்கள். கிரியேட்டினின், சிறுநீர் ஆல்புமின், கண்ணுக்கு அனுப்பும் சீட்டு எல்லாம் அதே மாதம். ஏற்கெனவே புண் வந்தவர், மரத்துப்போனவர் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் கால் பார்த்தே ஆக வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். (கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன்) 30க்குக் கீழே போனவருக்கு மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை நிறுத்த வேண்டும். 45க்குக் கீழே என்றால் நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் வேண்டாம். பழைய சீட்டைப் பார்த்து மாத்திரை கொடுக்கும் இடத்தில் இது எளிதாகத் தவறிவிடும்.

பொன்னி:
காலில் உணர்ச்சி பார்க்கும் நைலான் இழை, மோனோஃபிலமென்ட் இல்லையே, டாக்டர்?

பாலாறு:
விரல் போதும். கண்ணை மூடச் சொல்லி இரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆட்காட்டி விரலால் 1–2 வினாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ கூடாது, அழுத்தினால் மரத்த காலும் 'தெரியுது' என்று சொல்லும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று சீட்டில் எழுதி, எம்.சி.ஆர். செருப்புக்கு (மரத்த காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) அனுப்புங்கள்.